போர்க்கால விமான மாதிரிகளில் ஒவ்வொரு கறைக்கும் காரணம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அளவுமாதிரிக் கலையைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உதிரிகளை வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்டி, ஒரு காலத்தில் பறந்த விமானத்தைச் சிறிய உருவில் மீட்டெடுக்கும் இந்தக் கலைக்குத் தமிழ் இதழ்களில் இடம் கிடைப்பது அரிது. அதற்காக முதலில் என் நன்றி. ஆயினும், விமானம் பயன்பாட்டில் தேய்ந்து அழுக்கேறிய தோற்றத்தை மாதிரிக்குக் கொடுக்கும் ‘வெதரிங்’ வேலையைப் பற்றி அக்கட்டுரை சொன்ன அறிவுரையும், உடன் அச்சான, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் மாதிரிப் படமும், புதிதாக இத்துறைக்கு வருபவர்களைத் தவறான வழியில் இட்டுச் செல்லக்கூடியவை என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

போரில் பறந்த விமானம் என்பதால் அதை எவ்வளவு அழுக்காக்கினாலும் பொருந்தும் என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். படத்தில் இருந்த மாதிரியிலும், உலோகத் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் எல்லாத் தகட்டுக் கோடுகளும் கறுப்பால் நிரப்பப்பட்டிருந்தன. இறக்கையின் முன்விளிம்பு முழுவதும், வண்ணம் உதிர்ந்ததாகக் காட்டும் வெள்ளிநிறச் சிதறல்கள். நான்கு இயந்திரங்களுக்குப் பின்னாலும் ஒரே அகலத்தில், ஒரே கருமையில் நான்கு சோடிப் புகைக்கறைப் பட்டைகள். கைத்திறனில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மாதிரியின் மீது நாம் இடும் ஒவ்வொரு கறைக்கும் அசல் விமானத்தில் ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் என்பதும், அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாத கறையை இடாமல் விடுவதே நேர்மை என்பதும் என் உறுதியான கருத்து.

லங்காஸ்டரையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான லங்காஸ்டர்களைச் செலுத்தியவை மெர்லின் இயந்திரங்கள். அவற்றில் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சிலிண்டர்கள் உண்டு. எரிந்த வாயு இயந்திரத்தின் இரு பக்கங்களிலும் உள்ள குட்டையான குழாய்கள் வழியே வெளியேறி, இறக்கையின் மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் தவழ்ந்து பின்னோக்கி ஓடும். இரவில் அக்குழாய்களின் தீநாக்கு எதிரியின் வேட்டை விமானத்துக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றின் மேல் தகட்டு மூடிகள் பொருத்தப்பட்டன. எரிபொருள், ஈயச் சேர்மம் கலந்த 100 ஆக்டேன் பெட்ரோல். குண்டுச் சுமையோடு மேலேறும்போது எரிபொருள் செறிந்த கலவையில் எரிவதால் கரிய புகைக்கரி படியும். பிறகு பல மணி நேரம் மெலிந்த கலவையில் சீராகப் பறக்கும்போது ஈய உப்புகள் வெளிர் சாம்பலாகவோ மங்கிய மண்ணிறமாகவோ படியும். நெடுந்தூரம் போய்வந்த லங்காஸ்டரின் இறக்கையில் கருமைக்கு நடுவே வெளுத்த தடம் தெரிவதற்கு இதுவே காரணம். அந்தத் தடத்தை வெறும் கறுப்பால் காட்டும்போது, விமானம் செய்த நீண்ட பயணமே மாதிரியிலிருந்து மறைந்துவிடுகிறது. மேலும், லங்காஸ்டரின் நான்கு புரொப்பெல்லர்களும் ஒரே திசையில் சுழன்றவை. அவை திருகித் தள்ளும் காற்று இடப்புற இறக்கையிலும் வலப்புற இறக்கையிலும் ஒரே விதமாகப் பாய்வதில்லை. ஆகவே ஒரு பக்கத்துக் கறை மறுபக்கத்துக் கறையின் கண்ணாடிப் பிம்பமாக அமைய வாய்ப்பில்லை.

இதே அறிவோடு அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானத்தைப் பார்த்தால் நிலைமை முற்றிலும் வேறு. அதன் இயந்திரங்களிலிருந்து வரும் வாயு, இயந்திரக் கூட்டின் அடிப்பக்கத்தில் அமைந்த டர்போ சூப்பர்சார்ஜரை (இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவியை) சுழற்றிவிட்டுத்தான் வெளியேறும். எனவே புகைக்கறை பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில் இருக்கும். லங்காஸ்டரில் செய்ததைப் போலவே பி-17 இறக்கையின் மேற்புறத்திலும் நான்கு கரும்பட்டைகளை இழுத்துவிடுபவர்கள் உண்டு. அங்கே எதிர்பார்க்க வேண்டியது வேறொன்று: சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ஆரவடிவ இயந்திரங்கள் கசியவிட்ட எண்ணெய், குளிர்காற்று மடல்களின் இடுக்கிலிருந்து பின்னோக்கி இழுபட்ட மெல்லிய பழுப்புக் கோடுகள்.

புகைக்கறையை மாதிரியில் கொண்டுவரும் முறையைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. கொஞ்சம் விரிவாகச் சொன்னால் வாசகர்களுக்குப் பயன்படும். வண்ணத்தில் பத்தில் ஒரு பங்கு நிறமும் ஒன்பது பங்கு கரைப்பானும் இருக்கும்படி மிக நீர்க்கக் கரைத்து, ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவியில்) ஒரு பார் அழுத்தத்துக்கும் குறைவாக வைத்து, புகைக்குழாயிலிருந்து பின்னோக்கி மட்டுமே கையை நகர்த்த வேண்டும். முதலில் அகலமாகக் கரும்பழுப்பு. அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்போதே நிறுத்திக்கொண்டு, அதன் நடுவில் ஒடுங்கிய சாம்பல். தேவையென்றால் குழாயின் வாயருகே மட்டும் மீண்டும் சிறிது கருமை. ஒவ்வொரு வீச்சுக்கும் பின் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் இந்த வேலையில் கூட்டுவது எளிது, குறைப்பது கடினம். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் மங்கலான பரப்பின் மீது அரைத்த நிறமித் தூளை மென்மையான தூரிகையால் தேய்த்தே ஏறத்தாழ இதே விளைவைப் பெறலாம். வறண்ட தூள் விரல் பட்டால் போய்விடும் என்பதால், ஒட்டவைக்கும் திரவத்தைத் துளித்துளியாக இட வேண்டும். மேலே வார்னிஷ் அடித்தால் தூளின் நிறம் பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

அடித்தளக் கறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரிட்டனின் இரவுக் குண்டுவீச்சு விமானங்களின் பக்கங்களிலும் அடியிலும் பூசப்பட்ட ‘நைட்’ எனும் வண்ணம் தூய கறுப்பு அன்று. கரியோடு நீல நிறமியும் கலந்தது. சிறிய உருவில் தூய கறுப்பைப் பூசினால் வடிவத்தின் ஏற்ற இறக்கங்களை அது விழுங்கிவிடும். அதன் மேல் நிழலையோ எண்ணெய்க் கசிவையோ காட்டவும் இடம் இருக்காது. நீலச் சாயல் கொண்ட அடர்சாம்பலில் தொடங்கினால்தான் அடுத்தடுத்த அடுக்குகளுக்கு வழி கிடைக்கும். போரின் முதல் ஆண்டுகளில் குண்டுவீச்சு விமானங்களில் பயன்பட்ட மிகச் சொரசொரப்பான கறுப்பு எளிதில் உதிர்ந்ததோடு வேகத்தையும் குறைத்ததால், வழவழப்பான வண்ணம் அதன் இடத்தைப் பிடித்தது. உதிர்ந்த கறுப்பைக் காட்ட விரும்புபவர் தம் விமானம் எந்தக் காலத்தது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

இனி அளவுக் கணக்கு. லங்காஸ்டரின் இறக்கை விரிப்பு 31 மீட்டருக்குச் சற்று அதிகம். 1/72 அளவில், அதாவது அசலை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது ஏறக்குறைய 43 சென்டிமீட்டர், 1/48 அளவில் 65, 1/32 அளவில் 97. இந்தச் சுருக்கம் கறைகளுக்கும் பொருந்த வேண்டும் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. 1/72 மாதிரியில் ஒரு தகட்டுக் கோடு 0.3 மில்லிமீட்டர் அகலத்தில் கறுப்பாகத் தெரிந்தால், அசல் விமானத்தில் அது 2 சென்டிமீட்டருக்கும் அகலமான இடைவெளி என்று பொருள். அப்படி இடைவெளி விட்ட விமானத்தில் எந்த விமானியும் ஏறியிருக்க மாட்டார். பஞ்சால் ஒற்றி இடும் வெள்ளிச் சிதறல் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருந்தால், அசலில் அது ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்கு வண்ணம் பெயர்ந்த இடம். இறக்கை முழுவதும் அப்படி இருந்ததற்கு ஒளிப்படச் சான்று இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இல்லையென்றால் பொறியாளர்கள் ஏறி நின்று வேலை செய்த இடங்கள், திறந்து மூடிய பராமரிப்புக் கதவுகளின் ஓரங்கள், எரிபொருள் நிரப்பும் மூடிகளின் சுற்றுவட்டம், உடலின் வலப்புறப் பின்பகுதியில் குழுவினர் ஏறிய கதவின் கீழ்விளிம்பு எனத் தேய்மானத்துக்குக் காரணமுள்ள இடங்களில் மட்டும் கூர்மையான பென்சில் முனையால் தொட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். தகட்டுக் கோடுகளுக்கும் கறுப்பு தேவையில்லை. அடிவண்ணத்தைவிட ஓரிரு படி அடர்ந்த அதே சாயல் போதும்.

நல்ல வெதரிங் வண்ணம் தீட்டும் நாளில் தொடங்குவதில்லை, ஒட்டும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. உடலின் இரு பாதிகளும் சேரும் ஒட்டுக்கோடு நன்றாகக் காயும் முன்பே உப்புத்தாளால் தேய்த்துவிட்டால், உள்ளே இளகியிருந்த பிளாஸ்டிக் பின்னர் சுருங்கி, வண்ணம் பூசிய பிறகு ஒரு மெல்லிய பள்ளமாக வெளிப்படும். வாஷ் எனப்படும் நீர்த்த நிறத்தை ஓடவிடும்போது அது தகட்டுக் கோடுகளில் தேங்குவதைப் போலவே அந்தப் பள்ளத்திலும் தேங்கி, விமானத்தின் முதுகில் இல்லாத ஒரு கோட்டை வரைந்துவிடும். ஆகவே பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்து, ஈர உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் எனும் சாம்பல்நிற அடிப்பூச்சு அடித்துப் பார்த்து, குறை தெரிந்தால் மீண்டும் பட்டி வைப்பதில் சலிப்புக் காட்டக் கூடாது. தேய்ப்பில் அழிந்த கோடுகளை மீண்டும் கீறுவதும் இதில் அடங்கும். புரொப்பெல்லர்கள், சக்கரங்கள், துப்பாக்கிக் கூண்டுகள், புகைக்குழாய் மூடிகள் ஆகியவற்றை ஒட்டாமல் தனியே வைத்துக்கொண்டால் வெப்பத்தில் பழுத்த உலோகத்தின் நிறத்தை அமைதியாகத் தீட்டலாம்.

அடுக்குகளின் வரிசையும் முக்கியம். அடிவண்ணத்தின் மேல் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டிகால் எனும் ஒட்டுச்சின்னங்கள், மீண்டும் பளபளப்பு வார்னிஷ், அதன் பிறகே வாஷ். மங்கலான பரப்பில் டிகால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மின்னும்; வாஷும் கோட்டில் நிற்காமல் பரப்பெங்கும் ஊறிவிடும். ஆயில் அல்லது எனாமல் வாஷை ஆற அமரத் துடைக்க முடிவதற்குக் காரணம், அதன் கரைப்பான் அடியில் உள்ள அக்ரிலிக் வண்ணத்தைக் கரைப்பதில்லை என்பதே. ஆனால் அதே கரைப்பான் பூச்சில்லாத பிளாஸ்டிக்கில், இழுவிசை உள்ள ஒட்டுகளில் ஊறினால் விரிசல் விழலாம் என்பதைத் தொடக்கநிலையாளர்களுக்குச் சொல்ல வேண்டும். துடைக்கும்போது கை காற்றோடும் திசையில், முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும். விமானத்தின் செங்குத்தான பக்கங்களில் மட்டும், தரையில் நின்றபோது மழைநீர் வடிந்த திசையில் மேலிருந்து கீழாகப் போகலாம். படையின் வட்டச் சின்னமும் எழுத்துகளும் கூட அழுக்கின் அடியில்தான் இருந்தன என்பதால், டிகால் மட்டும் புத்தம்புதிதாக நிற்க அனுமதிக்கக் கூடாது.

மேற்சொன்ன எல்லாவற்றையும்விட என் மனத்தை அதிகம் உறுத்துவது விமானத்தின் வயதைப் பற்றிய அலட்சியம். 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. அவற்றில் 3,000-க்கும் மேற்பட்டவை தாக்குதல் பயணங்களில் அழிந்தன. நூறு பயணங்களைக் கடந்தவை 40-க்கும் குறைவு. தொழிற்சாலையிலிருந்து படைப்பிரிவுக்கு வந்து சில வாரங்களிலேயே திரும்பாமல் போன விமானங்கள் ஏராளம். அவற்றின் வண்ணத்துக்கு வெளுக்கவோ உதிரவோ நேரம் கிடைக்கவில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். ஒரு லங்காஸ்டரில் ஏழு பேர். மூக்கருகே பத்துக் குண்டுச் சின்னங்கள் (பயணத்துக்கு ஒன்று) மட்டும் உள்ள விமானத்துக்கு ஐந்தாண்டு வெயிலில் கிடந்த தோற்றத்தைக் கொடுப்பது, அந்த ஏழு பேரும் அவ்வளவு காலம் பறந்ததாகச் சொல்வதற்குச் சமம். ஏறக்குறைய புதிதாகவே நிற்கும் ஒரு லங்காஸ்டர் மாதிரியை “இன்னும் முடிக்கப்படாதது” என்று ஒதுக்கும் போட்டி நடுவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீண்ட நாள் பறந்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு உழைப்புக்கேற்ற பொருளும் உண்டு. லண்டன் ஹெண்டனில் உள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் ஆர்5868 எனும் லங்காஸ்டர் முதலில் 83-ஆவது ஸ்குவாட்ரன் எனும் விமானப் படைப்பிரிவிலும் பின்னர் ஆஸ்திரேலியாவின் 467-ஆவது ஸ்குவாட்ரனிலும் சேர்ந்து 130-க்கும் மேற்பட்ட பயணங்களை முடித்தது. ஒரு ஸ்குவாட்ரனிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது விமானத்தின் பக்கங்களில் உள்ள படைப்பிரிவுக் குறியெழுத்துகளும் மாறும். பழைய சிவப்பு எழுத்துகளின் மேல் பூசிய புதிய கறுப்பு, சுற்றியுள்ள வெளுத்த கறுப்பிலிருந்து மங்கலாக வேறுபட்டுத் தெரிவதை மாதிரியில் காட்டலாம். விமான எதிர்ப்புக் குண்டுகளின் சிதறல்கள் துளைத்த இடங்களில் ஒட்டிய தகட்டுத் துண்டுகளும் அவற்றின் மேல் அவசரமாகப் பூசிய புது வண்ணமும் அவ்வாறே. ஒரு விமானம் பட்ட பாட்டை நூறு வெள்ளிச் சிதறல்களைவிட இத்தகைய இரண்டு ஒட்டுகள் தெளிவாகச் சொல்லும்.

துலக்கமாக இருந்தே தீர வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது கண்ணாடி. விமானி அறையின் மேற்கூட்டிலும் துப்பாக்கிக் கூண்டுகளிலும் இருந்த பெர்ஸ்பெக்ஸ் எனும் தெளிவான பிளாஸ்டிக்கைத் தரைப்பணியாளர்கள் அக்கறையோடு துடைத்து வைத்தார்கள், ஏனென்றால் இருட்டில் ஒரு தூசுப்புள்ளி கூட நெருங்கிவரும் வேட்டை விமானமாகத் தோன்றலாம். பின்கூண்டில் அமர்ந்த துப்பாக்கி வீரர்கள் பலர், தெளிவாகப் பார்ப்பதற்காகத் தமக்கு நேரெதிரே இருந்த பெர்ஸ்பெக்ஸ் தகட்டையே அகற்றிவிட்டு, உறையும் குளிரைத் தாங்கிக்கொண்டு பறந்தார்கள். அந்தக் கூண்டின் மீது மாதிரியில் பழுப்புத் தூசியைத் தூவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒட்டும்போதும் இங்கே கவனம் தேவை: சயனோஅக்ரிலேட் எனும் உடனடிப் பசையின் ஆவி கண்ணாடியை வெண்மையாக மூடிவிடும் என்பதால், தெளிவான உதிரிகளுக்குக் காய்ந்தபின் பளிங்காகும் பசையைப் பயன்படுத்துவதே நன்று.

சான்று எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, போர்க்கால ஒளிப்படங்களையே முதலில் காட்டுவேன். அருங்காட்சியக விமானங்கள் வடிவத்துக்கும் அளவுக்கும் சிறந்த ஆசான்கள். ஆனால் அவை பலமுறை மறுவண்ணம் பூசப்பட்டவை. மேற்சொன்ன ஆர்5868 ஸ்காம்ப்டன் விமானத் தளத்தின் வாயிலில் பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றது. 1942 இறுதி முதல் 1944 ஏப்ரல் வரை 90 பயணங்கள் செய்து, கான்பெராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் உள்ள ‘ஜி ஃபார் ஜார்ஜ்’ லங்காஸ்டரும் பின்னாளில் சீரமைக்கப்பட்டதே. அவற்றில் இன்று தெரியும் தேய்மானம் போரின் தேய்மானம் ஆகாது. கறுப்பு வெள்ளைப் படங்களைப் படிக்கவும் பழக வேண்டும்: அக்காலத்துச் சில படச்சுருள்களில் மஞ்சளும் சிவப்பும் மிக இருண்டு விழும், நீலம் வெளுத்து விழும். இறக்கையில் தெரியும் வெள்ளைத் தடம் ஈயப் படிவா, எண்ணெயில் பட்ட வெயிலின் பளபளப்பா என்பதைக் கறை தொடங்கும் இடத்தையும் நிழலின் திசையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அளவுக்கு மீறிய தேய்மானமே உண்மையாக இருந்த களங்களும் உண்டு. பசிபிக் தீவுகளின் பவளத்தூள் ஓடுபாதைகளிலிருந்து பறந்த விமானங்களில் புரொப்பெல்லரின் விளிம்பும் இறக்கையின் முன்விளிம்பும் அரைபட்டன. ஆலிவ் பச்சை வெயிலில் வெளுத்தது. பி-17 போன்ற விமானங்களில் துணி போர்த்திய இயக்குபரப்புகள் (விமானத்தைத் திருப்பும் அசையும் மடல்கள்) உலோகப் பரப்பிலிருந்து வேறுபட்ட சாயலில் மங்கின. அங்கே தயங்காமல் செய்யலாம். 1944 தொடக்கத்திலிருந்து அமெரிக்கத் தொழிற்சாலைகள் பல குண்டுவீச்சு விமானங்களை வண்ணமே பூசாமல் வெற்று உலோகமாக அனுப்பியபோது, உதிர்வதற்கே அங்கு எதுவும் இல்லாமல் போனது. கரியும் எண்ணெயும் மட்டுமே எஞ்சின.

ஆகவே தங்களிடம் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். இனி மாதிரி விமானத்தின் படத்தை வெளியிடும்போது, அது எந்த ஸ்குவாட்ரனின் எந்த எண் விமானத்தை, எந்த ஆண்டின் எந்த மாதத்து நிலையில் காட்டுகிறது என்பதைச் செய்தவரிடம் கேட்டுப் படத்தின் கீழே அச்சிட வேண்டுகிறேன். அசல் விமானத்தின் போர்க்கால ஒளிப்படம் பொதுக் காப்பகங்களில் கிடைக்குமானால் அதையும் பக்கத்தில் வெளியிட்டால், வாசகர்களே இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வார்கள். கட்டுரையாளர் வெதரிங் பற்றித் தனியே இன்னொரு கட்டுரை எழுத முன்வந்தால், அதைப் படிக்க ஆவலோடு காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்